எல்லாப் பழியையும் பிளேக் மேல போட்டுடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல பிளாக் டெத், அதான் ஐரோப்பாவ அழிச்ச பிளேக் நோய், அது பத்தி வந்த முழுப்பக்க கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன். நம்ம பத்திரிகைங்கள்ல 14ம் நூற்றாண்டு ஐரோப்பாவுக்கு இவ்ளோ இடம் கிடைக்குறதே பெரிய விஷயம், அதுக்கு மொதல்ல நன்றி சொல்லிடறேன். ஆனா படிச்சு முடிச்சப்புறம் மனசு கேக்கல, ரெண்டு நாளா அதையே நெனச்சுட்டு இருந்தேன், அதான் உக்காந்து எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

கட்டுரை என்ன சொல்லுதுன்னா, 1347ல கப்பல்ல எலி வந்துச்சு, எலியோட பிளேக் வந்துச்சு, மூணுல ஒரு பங்கு ஜனம் செத்துச்சு, அதனால மக்களுக்கு சாமி நம்பிக்கை போச்சு, சர்ச் ஆட்டங்கண்டுச்சு, ஆள் கொறஞ்சதால கூலி ஏறிச்சு, கடைசில மறுமலர்ச்சி பொறந்துச்சு, அப்டின்னு ஒரே கயித்துல மணி கோத்த மாதிரி. படிக்க சுகமா இருக்கு. ஆனா இதுல மனுஷங்க யாருமே எந்த முடிவும் எடுக்கல, எல்லாத்தையும் எலியே பண்ணிட்டுப் போயிடுச்சு. எனக்கு வருத்தமே அதுல தான். நோய் கொன்னது நெசம். ஆனா அந்த நூறு வருஷத்துல நடந்த பல சாவு, பல அநியாயம், ஆளுங்க உக்காந்து பேசி, கையெழுத்து போட்டு, முத்திரை குத்தி பண்ணது.

இன்னொண்ணு, மேல போட்டிருந்த படம். பறவ மூக்கு மாதிரி நீட்டமா முகமூடி, கறுப்பு அங்கி, கையில குச்சி வச்ச டாக்டர். அந்த முகமூடி 17ம் நூற்றாண்டு சமாச்சாரம் சார், 1348ல செத்தவங்க யாரும் அத கண்ணால பாத்திருக்க முடியாது. கிட்டத்தட்ட முன்னூறு வருஷ வித்தியாசம். எல்லாரும் போடறாங்கன்னு நீங்களும் போட்டுட்டீங்க போல.

சரி விஷயத்துக்கு வரேன். பிளேக் வர்றப்போ ஐரோப்பா ஒண்ணும் நல்லா இருந்த ஊர் இல்ல. 1315ல வசந்த காலத்துல புடிச்ச மழை விடவே இல்ல, வயல்ல தானியம் அழுகுச்சு, மறு வருஷமும் அதே கத, 1317 வரைக்கும் வட ஐரோப்பா பூரா பஞ்சம், விதைக்கு வச்சிருந்தத எடுத்து தின்னாங்க, உழவு மாட்ட அடிச்சு தின்னாங்க, சில ஊர்கள்ல பத்துல ஒருத்தர் செத்தாங்க. அந்தப் பஞ்சத்துல பசியோட வளந்த கொழந்தைங்க தான் 1348ல முப்பது வயசு ஆளா இருந்தாங்க. போப் ரோம்லயே இல்ல, 1309லேருந்து பிரெஞ்சு ராஜா எல்லைய ஒட்டி இருக்குற அவிஞோன்ல போய் உக்காந்தாச்சு. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் 1337லயே சண்ட ஆரம்பிச்சாச்சு, 1346 ஆகஸ்ட்ல கிரேசி போர்ல பிரெஞ்சு குதிரைப்படைய இங்கிலீஷ்காரன் நீள வில்லால விழுத்தாட்டிட்டான். இது மூணும் எலிக்கு முன்னாடி நடந்தது. இத சொல்லாம 1347ல கதைய ஆரம்பிச்சா, பாதி படம் ஓடினப்புறம் தியேட்டருக்குள்ள போன மாதிரி தான்.

பிளேக்கோட கொடுமைய நான் கொறச்சு பேசல, பேசவும் மாட்டேன். 1347 அக்டோபர்ல கருங்கடல் பக்கத்துலேருந்து வந்த ஜெனோவா கப்பல்ங்க சிசிலில மெசினா துறைமுகத்துல நின்னுச்சு, 1348 ஜனவரில அவிஞோன், வசந்தத்துல ஃபுளோரன்ஸ், கோடையில பாரிஸ், அதே கோடையில இங்கிலாந்தோட தெக்கு கரை, 1349ல நார்வே, 1353க்குள்ள மாஸ்கோ வரைக்கும் போயிடுச்சு. மூணுல ஒண்ணுன்னு கட்டுரைல இருக்கு, இப்ப பல ஆராய்ச்சியாளருங்க பாதிக்கு கிட்டன்னு சொல்றாங்க. லண்டன்ல அப்ப அவசரமா தோண்டின ஒரு இடுகாட்டு எலும்புலேருந்து கிருமியோட மரபணுவையே 2011ல முழுசா படிச்சுட்டாங்க, அதனால எந்தக் கிருமிங்கறதுல இப்ப சந்தேகம் இல்ல. அத பரப்பினது எலி மேல இருந்த தெள்ளுப்பூச்சி மட்டும் தானா, இல்ல மனுஷன் மேல இருக்குற பேனும் தெள்ளும் சேந்தான்னு தான் இன்னும் வாதம் நடக்குது.

ஆனா எண்ணிக்கைய விட எனக்கு மனசுல நிக்கறது மூணு ஆளுங்க. இத்தாலில சியன்னா ஊர்ல அஞ்ஞோலோ தி துரான்னு ஒருத்தர், தன்னோட அஞ்சு புள்ளைங்களையும் தன் கையாலயே பொதச்சேன்னு எழுதி வச்சிருக்கார், கூலி குடுத்தாலும் பொதைக்க ஆள் வரல. அயர்லாந்துல கில்கென்னி மடத்துல ஜான் கிளின்னு ஒரு பிரான்சிஸ்கன் சபைத் துறவி, 1349ல சுத்தி எல்லாரும் செத்துக்கிட்டிருக்க தானும் சாவுக்கு காத்துக்கிட்டு நடந்தத எழுதறார், எழுதிட்டு கடைசில கொஞ்சம் தோல் ஏட்ட வெறுமையா விட்டு வைக்கறார், ஆதாம் வம்சத்துல ஒருத்தனாவது பொழச்சு கிடந்தா தொடந்து எழுதட்டும்னு. அதுக்குக் கீழ வேற கையெழுத்துல அவர் செத்துட்டாருன்னு ஒரு வரி இருக்கு. மூணாவது ஆள் இங்கிலாந்துல பாத், வெல்ஸ் மறைமாவட்ட பிஷப் ரால்ஃப். 1349 ஜனவரில அவர் ஒரு சுற்றறிக்கை அனுப்பறார், சாகக் கிடக்குறவங்களுக்கு சாமியார் கிடைக்கலன்னா சாதாரண ஆள்கிட்டயே பாவசங்கீர்த்தனம் (செஞ்ச பாவத்த சொல்லி மன்னிப்பு கேக்குறது) பண்ணலாம், ஆம்பள கிடைக்கலன்னா பொம்பளகிட்டயும் பண்ணலாம்னு. அந்தக் காலத்துல ஒரு பிஷப் வாயிலேருந்து இப்படி ஒரு வார்த்த வருதுன்னா நெலம என்னவா இருந்திருக்கும்னு யோசிச்சு பாருங்க. சாவுப்படுக்கை பக்கத்துல போன பங்குச் சாமியாருங்க கூட்டங்கூட்டமா செத்தாங்க, சில மறைமாவட்டங்கள்ல பாதிக்கு கிட்ட. கேன்டர்பரி ஆர்ச்பிஷப் பதவிக்கு வந்த ரெண்டு பேர் 1349ங்குற ஒரே வருஷத்துல அடுத்தடுத்து பிளேக்ல போனாங்க.

இந்த இடத்துல தான் கட்டுரை சறுக்குதுன்னு நெனக்கிறேன். "பயத்துல மக்கள் யூதர்களத் தாக்கினாங்க"ன்னு ஒரே ஒரு வரி. பயத்துலயா? ஸ்ட்ராஸ்பர்க்ல என்ன நடந்துச்சுன்னு பாருங்க. யூதங்க கெணத்துல விஷம் கலக்குறாங்கன்னு ஒரு வதந்தி, சவாய் நாட்டுல ஷில்லோன் கோட்டைல 1348ல ஆளுங்கள புடிச்சு சித்திரவதை பண்ணி வாக்குமூலம் வாங்கினாங்க, அந்த வாக்குமூலத்த நகல் எடுத்து மத்த ஊர்களுக்கு அனுப்பினாங்க. ஸ்ட்ராஸ்பர்க் நகர சபைல இருந்த தலைவருங்க இத நம்பல, யூதங்களக் காப்பாத்தணும்னு தான் நின்னாங்க. உடனே தொழில் சங்கங்காரங்க கூடி அந்த சபையவே கவுத்துட்டு புது சபை போட்டு, 1349 பிப்ரவரி 14ம் தேதி நூத்துக்கணக்கான யூதங்கள அவங்க இடுகாட்டுலயே மரமேடை போட்டு எரிச்சாங்க, பழைய குறிப்பு 2000 பேர்னு சொல்லுது. ஞானஸ்நானம் வாங்க ஒத்துக்கிட்டவங்கள மட்டும் விட்டாங்க. அதுக்கப்புறம் யூதங்ககிட்ட வாங்கியிருந்த கடன் எல்லாம் ரத்து, இருந்த ரொக்கத்த பங்கு போட்டுக்கிட்டாங்க. இதுல முக்கியமான விஷயம், அன்னிக்கு ஸ்ட்ராஸ்பர்குக்கு பிளேக் இன்னும் வரவே இல்ல சார்! நோய் ஊருக்குள்ள நொழயறதுக்கு முன்னாடியே ஜனங்கள எரிச்சாச்சு. அந்த ஊர்க்காரர் ஒருத்தரே பின்னாடி எழுதி வச்சிருக்கார், யூதங்களக் கொன்ன விஷம் பணம் தான்னு.

இதே சமயத்துல அவிஞோன்ல போப் 6ம் கிளமென்ட் என்ன பண்ணார்ங்கறதையும் நியாயமா சொல்லணும். ஆடம்பரமான ஆளு, சொந்தக்காரங்களுக்கு பதவி குடுத்தவர், எல்லாம் சரி. டாக்டர் சொன்னார்னு ரெண்டு பக்கமும் பெரிய நெருப்பு மூட்டி நடுவுல உக்காந்திருந்தார். ஆனா பொதைக்க எடம் பத்தலன்னு நெலம் வாங்கி குடுத்தார், அதுவும் பத்தாம ரோன் நதியையே மந்திரிச்சு விட்டார், பொணத்த ஆத்துல விட்டாலும் அது பொதச்சதுக்கு சமம்னு ஆகட்டும்னு. 1348ல ஜூலையிலயும் செப்டம்பர்லயும் ரெண்டு ஆணை போட்டார், இந்த நோய் யூதங்களையும் கொல்லுது, யூதங்களே இல்லாத நாட்டுலயும் கொல்லுது, அப்புறம் எப்டி அவங்க காரணமாவாங்கன்னு. இத விட தெளிவா இன்னிக்கு யாரும் சொல்லிட முடியாது. பாரிஸ் பல்கலைக்கழக மருத்துவ பேராசிரியருங்க அதே வருஷம் ராஜாவுக்கு குடுத்த அறிக்கைல 1345ல சனி, வியாழன், செவ்வாய் மூணும் கும்ப ராசில சேந்தது தான் காரணம்னு எழுதினாங்க, அத வச்சு "அறியாமை"ன்னு எல்லாரும் சுலபமா சொல்லிடுவாங்க. காரணம் தெரியாதது தப்பே இல்ல, கிருமிய 1894ல தான் கண்டுபிடிச்சாங்க. ஆனா கெணத்துல விஷம் இல்லன்னு சொல்றதுக்கு நுண்ணோக்கி தேவப்படல, போப் சொன்னார், ஸ்ட்ராஸ்பர்கோட பழைய சபை சொல்லுச்சு. கேக்காம விட்டவங்க தெரிஞ்சே தான் விட்டாங்க.

அடுத்து கூலி. "ஆள் கொறஞ்சதால கூலி ஏறிச்சு"ங்கறது ஏதோ தண்ணி மட்டம் ஏறின மாதிரி எழுதியிருக்காங்க. அது சும்மா ஏறல. இங்கிலாந்துல செத்தவங்களப் பொதச்ச மண்ணு காயல, 1349 ஜூன்லயே ராஜா 3ம் எட்வர்ட் அவசர ஆணை போட்டுட்டார், 60 வயசுக்கு கீழ நெலம் இல்லாத எவனும் கூப்புட்ட வேலைக்கு போயாகணும், பிளேக்குக்கு முன்னாடி என்ன கூலியோ அதான் இப்பவும்னு. 1351ல பார்லிமென்ட் அத சட்டமாவே ஆக்குச்சு, மேஸ்திரி தச்சருக்கு நாளுக்கு 3 பென்னி, கல்தச்சு மேஸ்திரிக்கு 4 பென்னின்னு கணக்கு போட்டு. கேட்டு வாங்கினவனுக்கு தொழுமரம், ஜெயில். பெத்தவங்களையும் புள்ளைங்களையும் பறிகுடுத்துட்டு நிக்குறவன்கிட்ட போய் உன் கூலிய ஏத்தாதன்னு சொல்ற சட்டம் இது. மக்கள் அத மீறினாங்க, ராவோட ராவா ஊர் விட்டு ஊர் போனாங்க, அபராதம் கட்டினாங்க, திரும்ப மீறினாங்க, அப்டி தான் கூலி ஏறிச்சு, அதுவும் பல வருஷம் கழிச்சு. அதுக்குள்ள 1361ல பிளேக் திரும்ப வந்துச்சு, அந்த தடவ கொழந்தைங்க தான் அதிகம் போச்சு.

அப்புறம் பிரான்சுல நடக்குற சண்டைக்கு பணம் பத்தலன்னு தலைவரி. 1377ல தலைக்கு 4 பென்னி, மூணாவது தடவ போட்டப்போ 12 பென்னி, பண்ணையாருக்கும் அவர் பண்ணையாளுக்கும் கிட்டத்தட்ட ஒரே வரி. சட்டம் சொன்ன கூலிப்படி பாத்தா ஒரு மேஸ்திரி தச்சரோட 4 நாள் உழைப்பு, பொண்டாட்டிக்கு தனியா இன்னொரு 4 நாள். 1381 ஜூன்ல எசெக்ஸ், கென்ட் பக்கத்து ஜனம் கெளம்பி லண்டனுக்கே வந்துட்டாங்க. ஆதாம் மண்ணு வெட்டி ஏவாள் நூல் நூத்தப்போ சீமான் யாருன்னு ஜான் பால்ங்கற சாமியார் அவங்க முன்னாடி நின்னு கேட்டார். ராஜா 2ம் ரிச்சர்டுக்கு 14 வயசு, ஜூன் 14ம் தேதி நேர்ல வந்து எல்லாருக்கும் விடுதலைன்னு பத்திரம் எழுதிக்குடுத்தார், மறுநாள் தலைவன் வாட் டைலர பேசிக்கிட்டிருக்கும்போதே வெட்டிட்டாங்க, கொஞ்ச நாள்ல எழுதிக்குடுத்த பத்திரம் எல்லாம் செல்லாதுன்னு ஆக்கிட்டாங்க. ஜான் பாலையும் ஜூலையில கொன்னாங்க. இதெல்லாம் எந்தத் தெள்ளுப்பூச்சி பண்ணுச்சு?

சண்டைக்கும் சர்ச் குழப்பத்துக்கும் இருக்குற தொடர்ப கட்டுரை தொடவே இல்ல, எனக்கு ரொம்ப முக்கியமா படறது அதான். பிளேக் வந்ததும் ரெண்டு ராஜாவும் சண்டைய நிறுத்தினாங்க, ஆனா நோய் தணிஞ்சதும் திரும்ப ஆரம்பிச்சுட்டாங்க, பாதி ஜனம் செத்த நாட்டுல! 1355ல இங்கிலாந்து இளவரசன் போர்தோலேருந்து நார்போன் வரைக்கும் ஊர் ஊரா கொளுத்திட்டே போனான், 1356ல புவாத்தியே போர்ல பிரெஞ்சு ராஜாவயே புடிச்சுட்டாங்க, அவர விட 30 லட்சம் எக்யூ (பிரெஞ்சு தங்கக் காசு) மீட்புப்பணம்னு 1360ல ஒப்பந்தம். சமாதானம் ஆனதும் சிப்பாய்ங்களுக்கு சம்பளம் நின்னுச்சு. அவனுங்க வீட்டுக்கு போகல, கூட்டம் கூட்டமா சேந்து கொள்ளையடிக்க கெளம்பினாங்க. 1360 டிசம்பர் கடைசில அவிஞோனுக்கு மேல இருக்குற போன் செந்த் எஸ்ப்ரி ஊர புடிச்சு போப்போட வழியவே அடச்சாங்க, போப் காசு குடுத்து அதுல நெறைய பேர இத்தாலி பக்கம் தள்ளி விட்டார். அப்டி இத்தாலி போனவங்கள்ல ஒருத்தன் ஜான் ஹாக்வுட்ங்கற இங்கிலீஷ்காரன். அவன் 1377 பிப்ரவரில போப்போட சம்பளத்துல இருக்கான், ராபர்ட்ங்கற ஜெனீவா கர்தினால் (போப்ப தேர்ந்தெடுக்குற பெரிய சாமியாருங்கள்ல ஒருத்தர்) கூப்புட செசேனா ஊருக்கு போறான், அந்த கர்தினாலோட பிரெத்தோன் கூலிப்படையும் ஹாக்வுட் ஆளுங்களும் சேந்து அந்த ஊர் ஜனத்த ஆயிரக்கணக்குல வெட்டிப் போட்டாங்க. அடுத்த வருஷம் அந்த ராபர்ட் தான் போப் ஆனார்.

அந்த 1377ங்குற வருஷத்த நான் அடிக்கடி நெனச்சுப்பேன். ஜனவரில போப் 11ம் கிரெகரி ஒரு வழியா ரோமுக்கு திரும்பி வந்தார், பிப்ரவரில செசேனா, அதே வருஷம் இங்கிலாந்துல மொத தலைவரி, ஜூலைல அட்ரியாட்டிக் கரையில ரகுசா, அதான் இப்ப துப்ரோவ்னிக், அந்தச் சின்ன வியாபார ஊர் ஒரு சட்டம் போட்டுச்சு, நோய் இருக்குற எடத்துலேருந்து வர்றவங்க 30 நாள் வெளிய ஒரு தீவுலயோ பக்கத்து ஊர்லயோ தங்கிட்டு தான் உள்ள வரலாம்னு. அந்த முப்பது பின்னாடி நாப்பதாச்சு, இத்தாலிக்காரன் நாப்பதுக்கு சொல்ற வார்த்தைலேருந்து தான் குவாரன்டைன் வந்துச்சு. கிருமின்னா என்னன்னே தெரியாது அவங்களுக்கு. பாத்தாங்க, யோசிச்சாங்க, வியாபாரம் நஷ்டப்பட்டாலும் பரவால்லன்னு முடிவு எடுத்தாங்க. இந்த ஊர் பேரு கட்டுரைல எங்கயுமே இல்ல.

கிரெகரி 1378 மார்ச்ல செத்தார். ரோம் ஜனம் தெருவுல நின்னு ரோமாக்காரன் வேணும், இல்லன்னா இத்தாலிக்காரனாவது வேணும்னு கத்த, ஏப்ரல்ல 6ம் உர்பானுவ தேர்ந்தெடுத்தாங்க. அவர் கர்தினால்ங்கள மூஞ்சிக்கு நேரா திட்ட ஆரம்பிச்சதும், பயந்து ஓட்டு போட்டோம், அது செல்லாதுன்னு சொல்லி அதே கர்தினால்ங்க செப்டம்பர்ல செசேனா புகழ் ராபர்ட்ட 7ம் கிளமென்ட்னு போப் ஆக்கினாங்க. இவர் அவிஞோன் போயிட்டார். அப்புறம் நாடுங்க எந்தப் பக்கம் நின்னுச்சுன்னு பாருங்க, பிரான்ஸ் அவிஞோன் பக்கம், பிரான்சோட எதிரி இங்கிலாந்து ரோம் பக்கம், இங்கிலாந்தோட எதிரி ஸ்காட்லாந்து அவிஞோன் பக்கம். யுத்தத்துக்கு போட்ட கோட்டுலயே சர்ச்சும் கிழிஞ்சுச்சு. சியன்னா கத்தரீன் ரோம் போப் தான் உண்மைன்னு உயிர விட்டு பாடுபட்டாங்க, வின்சென்ட் ஃபெரர் அவிஞோன் போப்புக்காக ஊர் ஊரா பிரசங்கம் பண்ணார், சர்ச் பின்னாடி ரெண்டு பேருக்குமே புனிதர் பட்டம் குடுத்துச்சு. அவ்ளோ பக்தி உள்ளவங்களுக்கே எது சரின்னு தெரியலன்னா ஒரு சாதாரண குடியானவன் என்ன பண்ணுவான்? 1409ல கர்தினால்ங்க இத்தாலில பீசா ஊர்ல கூடி ரெண்டு பேரையும் தள்ளிட்டு புதுசா ஒருத்தர வச்சாங்க, பழைய ரெண்டு பேரும் எறங்கல, மூணு போப் ஆயிடுச்சு. 1414லேருந்து 1418 வரைக்கும் கான்ஸ்டன்ஸ் ஊர்ல சர்ச் தலைவருங்க கூடின பொதுச்சங்கம் நடந்து, 1417 நவம்பர்ல 5ம் மார்ட்டின தேர்ந்தெடுத்து தான் முடிஞ்சுச்சு, 39 வருஷம். அந்தச் சங்கம் தான், சிகிஸ்மண்ட் ராஜா பாதுகாப்பு சீட்டு குடுத்து வரவழச்ச செக் சாமியார் யான் ஹுஸ்ஸ 1415 ஜூலை 6ம் தேதி எரிச்சுச்சு, சர்ச்ச எதுத்து எழுதி 1384லயே செத்துப் போன இங்கிலீஷ்காரர் விக்லிஃபோட எலும்ப தோண்டி எடுக்கவும் உத்தரவு போட்டுச்சு. 1428ல அத செஞ்சும் முடிச்சாங்க.

அதனால "சாமி நம்பிக்கை போச்சு"ங்கற வரிய தயவுசெஞ்சு மறுபரிசீலன பண்ணுங்க. ஹுஸ் பின்னாடி போன செக் ஜனம் நம்பிக்கை இல்லாமயா போனாங்க? பூசைல குடிக்குற திராட்ச ரசக் கிண்ணம் சாமியாருக்கு மட்டும் இல்ல, எங்களுக்கும் குடுங்கன்னு தான் கேட்டாங்க, அதுக்காக பதினஞ்சு வருஷம் படைங்கள எதுத்து நின்னாங்க. கேம்பிரிட்ஜ்ல பிளேக்ல செத்த தங்களோட ஆளுங்க ஆத்துமாவுக்கு ஜெபம் பண்ணணும்னு ரெண்டு சங்கத்துக்காரங்க சேந்து 1352ல ஒரு கல்லூரியே தொடங்கினாங்க, கார்பஸ் கிறிஸ்டி, இன்னும் நடக்குது. பக்தி கூடிச்சு சார், பதவில இருந்தவங்க மேல இருந்த மரியாத தான் கொறஞ்சுச்சு, அதுக்கு பிளேக் மட்டும் காரணம் இல்ல, அவங்க நடந்துக்கிட்ட விதமும் தான்.

கடைசியா ஒரு வேண்டுகோள். இந்தத் தொடர்ல அடுத்த பகுதி வரும்னு போட்டிருக்கீங்க. அதுலயாவது அந்த மூக்கு முகமூடி படத்த எடுத்துட்டு சியன்னா கதீட்ரல் பக்கத்துல நிக்குற மொட்டச் சுவரோட போட்டோவ போடுங்க. 1339ல உலகத்துலயே பெரிய கோயில் கட்டுறோம்னு ஆரம்பிச்சாங்க, இருக்குற கோயில் அதுல ஒரு கை மாதிரி ஆயிடும், அவ்ளோ பெரிசு. 1348ல வேல நின்னுச்சு, அப்புறம் கட்டுனதுலயே கோளாறு இருக்குன்னு தெரிஞ்சு மொத்தமா கைவிட்டுட்டாங்க. கூர இல்லாத அந்த உசந்த சுவரும் வளைவும் இன்னிக்கும் வெயில்ல நிக்குது, அதுக்கு அடியில ஜனம் நடந்து போறாங்க. அஞ்ஞோலோ அஞ்சு புள்ளைங்களப் பொதச்ச வருஷம் நின்னு போன வேலை அது.

இப்படிக்கு,
உங்க பல வருஷ வாசகன்